லிங்கன் கான்டினென்டல் மடக்குக் கூரை மகிழுந்து (1961–1967)

லிங்கன் கான்டினென்டல் மடக்குக் கூரை மகிழுந்து என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், தனது லிங்கன் பிரிவின் வழியாக, 1961 முதல் 1967 வரையான மாதிரி ஆண்டுகளில் உருவாக்கி விற்ற நான்கு கதவுச் சொகுசு மகிழுந்து ஆகும். கூரையை மடித்துத் திறக்கக்கூடிய இவ்வகை வண்டிகள் கன்வர்டிபிள் என அழைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1951க்குப் பின் தொடர் உற்பத்தியில் வந்த முதல் நான்கு கதவுக் கன்வர்டிபிள் மகிழுந்து இதுவே. ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 21,300 வண்டிகள் மட்டுமே உற்பத்தி செய்யப்பட்டன.

இன்று இவை பழமை வாய்ந்த மகிழுந்துகளின் சந்தையில் பெரிதும் விரும்பப்படுகின்றன. விற்பனைக்கு வரும் வண்டிகளுள் சில ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டமைக்கப்பட்டவை; வேறு சில, பழைய உடலுக்குள் புதிய எஞ்சினும் பிரேக்கும் பொருத்தி மாற்றியமைக்கப்பட்டவை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலையைப் பற்றியது மட்டுமன்று; பாதுகாப்பு, வரலாற்றுச் சான்று ஆகியவற்றையும் பற்றியது.

வரலாறு

கான்டினென்டல் என்னும் பெயர் 1939 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஹென்றி ஃபோர்டின் மகனும் நிறுவனத் தலைவருமான எட்சல் ஃபோர்டு, தமது சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு மடக்குக் கூரை வண்டியை உருவாக்குமாறு வடிவமைப்பாளர் பாப் கிரெகரியைக் கேட்டுக்கொண்டார். லிங்கன் செஃபிர் வண்டியை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட அவ்வண்டி பலரையும் கவர்ந்ததால், 1940 மாதிரி ஆண்டு முதல் உற்பத்திக்கு வந்தது.

1958 முதல் 1960 வரை வெளிவந்த லிங்கன் வண்டிகள் அளவில் மிகப் பெரியவை. விற்பனையில் நட்டத்தைத் தந்தவை. ஃபோர்டு நிறுவனத்தின் உயர் நிருவாகியாக இருந்த இராபர்ட் மக்னமாரா, லிங்கன் பிரிவையே மூடிவிடலாமா என எண்ணும் அளவுக்கு நிலைமை இருந்தது. அக்காலத்தில் எல்வுட் எங்கல் என்னும் வடிவமைப்பாளர், 1961 ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு வண்டிக்கென ஒரு முன்மாதிரியைச் செய்திருந்தார். அதைக் கண்ட மக்னமாரா, அதனை நான்கு கதவு லிங்கனாக மாற்ற முடியுமா என்று வினவினார். அவ்வினாவின் விளைவே 1961 கான்டினென்டல் ஆகும். மக்னமாரா 1960 நவம்பரில் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவரானார். 1961 சனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராகப் பொறுப்பேற்றார். எங்கல் 1961இல் கிரைசுலர் நிறுவனத்துக்குச் சென்றார்.

இவ்வண்டிகள் மிச்சிகன் மாநிலத்தின் விக்சம் ஆலையில், தண்டர்பேர்டு வண்டிகளுடன் சேர்த்து உற்பத்தி செய்யப்பட்டன. 1957இல் தொடங்கப்பட்ட அவ்வாலை 2007இல் மூடப்பட்டது.

வடிவமைப்பு

1961 மாதிரியின் நீளம் 212.4 அங்குலம். இது முந்தைய ஆண்டின் லிங்கனை விட ஏறத்தாழ 15 அங்குலம் குறைவு. அக்கால அமெரிக்க வண்டிகளில் வழக்கமாக இருந்த வால் சிறகுகளும் மிகையான குரோமிய அணிகளும் இதில் இல்லை. பக்கங்கள் ஏறக்குறைய தட்டையாகவும், மேல் விளிம்பில் மட்டும் முன்னிருந்து பின்வரை நேராக ஓடும் ஒரு குரோமியக் கோட்டுடனும் அமைந்தன. அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் கழகம் 1961இல் இதற்கு வெண்கலப் பதக்கம் வழங்கியது.

பின்கதவுகளின் கீல்கள் பின்புறத்தில் அமைந்திருப்பது இதன் தனித்தன்மை. முன்கதவும் பின்கதவும் நடுவிலுள்ள குட்டையான தூணில் வந்து பூட்டிக்கொள்ளும். இவ்வகைக் கதவு ஓட்டத்தின்போது திறந்துகொண்டால் காற்றின் விசை அதை மேலும் விரியத் தள்ளும் என்பதால், ‘தற்கொலைக் கதவு’ என்னும் பட்டப்பெயர் இதற்கு ஏற்பட்டது. கதவு சரியாக மூடப்படாவிட்டால் எச்சரிக்கும் விளக்கு ஒன்று ஓட்டுநர் முன் வைக்கப்பட்டது.

வண்டியின் உடலும் அடிச்சட்டமும் தனித்தனியாக இன்றி ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒற்றைக் கட்டமைப்பு ஆகும். இவ்வகைக் கட்டமைப்பில் நிலையான கூரையும் வண்டியின் விறைப்புக்குத் துணைபுரிகிறது. கூரை நீக்கப்படும்போது அவ்விறைப்பு குறைவதால், கன்வர்டிபிளின் அடிப்பகுதிக்குக் கூடுதல் எஃகு வலுவூட்டல் தரப்பட்டது. இதனால் திறந்த வண்டியாக இருந்தும் எடை குறையவில்லை. 1961 கன்வர்டிபிளின் எடை 5,200 பவுண்டுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 2,365 கிலோகிராம்.

1961இல் கன்வர்டிபிளின் விலை 6,713 டாலர். நிலையான கூரை கொண்ட வண்டியின் விலை 6,067 டாலர். ஒவ்வொரு எஞ்சினும் மூன்று மணி நேரம் வேகமாக ஓட்டிச் சோதிக்கப்பட்டது. முடிந்த வண்டி ஒவ்வொன்றும் 12 மைல் தொலைவு சாலையில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. இதன் துணிவில் நிறுவனம் 24 மாதம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம் அளித்தது. அக்கால அமெரிக்க வழக்கத்தில் இது மிக நீண்ட உத்தரவாதமாகும்.

கூரை இயங்கும் விதம்

1957 முதல் 1959 வரை ஃபோர்டு விற்ற இசுகைலைனர் வண்டியின் மடியும் எஃகுக் கூரைக்காக உருவாக்கப்பட்ட நுட்பமே, துணிக் கூரைக்கு ஏற்பத் திருத்தப்பட்டு இதில் பயன்பட்டது. ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் பின்வரும் செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும்.

1. டிக்கி எனப்படும் பின்பெட்டியின் மூடி, அதன் முன்விளிம்பில் பூட்டு விடுபட்டு, பின்புறக் கீலில் உயரும்.
2. முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரையை இணைக்கும் பூட்டுகள் மின்னோடியால் விடுபடும்.
3. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளைகள் கூரையை மடித்துப் பின்பெட்டிக்குள் இறக்கும்.
4. மூடி மீண்டும் இறங்கிப் பூட்டிக்கொள்ளும்.

கூரை முழுவதும் மறைந்துவிடுவதால் வெளியே துணிச் சுருளோ உறையோ தெரிவதில்லை. ஒவ்வொரு செயலும் முடிந்ததை ஒரு வரம்பு நிலைமாற்றி உணர்ந்த பிறகே அடுத்த செயலுக்கான ரிலே இயங்கும். நுண்செயலிகள் தோன்றுவதற்கு முன்பே, நிலைமாற்றிகளையும் ரிலேக்களையும் மட்டும் கொண்டு அமைக்கப்பட்ட வரிசைமுறைக் கட்டுப்பாட்டுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதன் வலுவின்மையும் இதுவே. ஒரே ஒரு நிலைமாற்றி துருப்பிடித்துத் தொடர்பை இழந்தாலும் வரிசை அவ்விடத்திலேயே நின்றுவிடும். கூரை பாதி மடிந்த நிலையில் நிற்கும். ஆகவே கோளாறு ஏற்படும்போது, வரிசையில் கடைசியாக முடிந்த செயல் எது என்பதைக் கண்டறிவதே பழுதுபார்ப்பின் முதற்படி ஆகும்.

மடிந்த கூரை பின்பெட்டியின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். மூடி பின்புறமாகத் திறப்பதால், பயணப்பெட்டிகளை வண்டியின் பக்கவாட்டிலிருந்தே உள்ளே வைக்க வேண்டும்.

ஆண்டுவாரியான மாற்றங்கள்

தோற்றம் பெரிதும் மாறாதிருந்தாலும் உறுப்புகள் ஆண்டுதோறும் திருத்தப்பட்டன. முதன்மையானவை வருமாறு:

1961: 430 கன அங்குல வி-8 எஞ்சின், 300 குதிரைத்திறன். முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 123 அங்குலம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்.
1963: எஞ்சின் திறன் 320 குதிரைத்திறனாக உயர்ந்தது. பழைய நேர்மின் இயற்றிக்கு மாறாக ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்டது.
1964: அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 126 அங்குலமாக நீட்டப்பட்டது. வளைந்த பக்கக் கண்ணாடிகளின் இடத்தில் தட்டையானவை வந்தன.
1965: முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இயல்பாகவே தரப்பட்டது.
1966: உடல் புதிதாக வடிவமைக்கப்பட்டது. 462 கன அங்குல எஞ்சின், 340 குதிரைத்திறன்.
1967: கன்வர்டிபிளின் இறுதி ஆண்டு. அவ்வாண்டு 2,276 கன்வர்டிபிள்கள் மட்டுமே உற்பத்தியாயின.

குடியரசுத் தலைவரின் வண்டி

இவ்வகை வண்டிகளுள் மிகவும் அறியப்பட்டது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி பயன்படுத்திய 1961 ஆம் ஆண்டின் வண்டியாகும். ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இயங்கிய எசு அன்டு ஐசன்ஆர்ட் நிறுவனம், ஆலையிலிருந்து வந்த கன்வர்டிபிளை இரண்டாக வெட்டி, ஏறத்தாழ மூன்றரை அடி நீட்டி, வலுவூட்டி உருவாக்கியது. கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் நெகிழிக் கூரை ஒன்றும் இதற்கு இருந்தது. அக்கூரை குண்டு துளைக்காதது அன்று. ஃபோர்டு நிறுவனம் இவ்வண்டியை ஆண்டுக்கு 500 டாலர் வாடகையில் அரசுக்கு அளித்தது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது இவ்வண்டி கூரையின்றிச் சென்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு அவ்வண்டி அழிக்கப்படவில்லை. நிலையான கூரை, கவசத் தகடுகள், குண்டு துளைக்காத கண்ணாடி ஆகியவை பொருத்தப்பட்டு, கருநீலத்திலிருந்து கறுப்புக்கு வண்ணம் மாற்றப்பட்டு, 1977 வரை குடியரசுத் தலைவர்களின் பயன்பாட்டில் இருந்தது. தற்போது மிச்சிகனின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. அருங்காட்சியகம் அதனை 1963 நிலைக்குத் திருப்பவில்லை. பணியிலிருந்து விலகிய நிலையிலேயே காட்சிக்கு வைத்துள்ளது. பின்னர் செய்யப்பட்ட மாற்றங்களும் அவ்வண்டியின் வரலாற்றுச் சான்றுகளே என்பதை இது காட்டுகிறது.

மீட்டமைத்தலும் மாற்றியமைத்தலும்

பழமை வாய்ந்த வண்டியொன்றை நடத்தும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

பேணல்: இருப்பதை இருந்தபடியே காத்தல். மங்கிய வண்ணப்பூச்சும் தேய்ந்த தோலிருக்கையும் அப்படியே விடப்படும். மேலும் சிதையாமல் தடுக்கப்படும்.

மீட்டமைத்தல்: ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்குத் திருப்புதல். இதற்கு அளவுகோல் வெளியே உள்ளது. ஆலை ஆவணங்கள், உதிரிபாகப் பட்டியல்கள், தொடாமல் எஞ்சிய வண்டிகள் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு வேலை சரியா தவறா என்று கூற முடியும்.

மாற்றியமைத்தல்: ஆலை செய்யாத ஒன்றைச் செய்தல். பழைய தோற்றத்தை மீட்டு, உள்ளுறுப்புகளை மட்டும் புதுப்பிக்கும் முறை ‘ரெஸ்டோமாட்’ எனப்படுகிறது. இங்கே ஒப்பிட ஆலை ஆவணம் இல்லை. வேலை செய்தவரின் திறமையும் அவர் வைத்துள்ள பதிவுகளுமே அளவுகோல் ஆகின்றன.

கான்டினென்டல் கன்வர்டிபிளில் வழக்கமாகச் செய்யப்படும் மாற்றங்களுள் முதன்மையானது பிரேக் ஆகும். 2,365 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 9 இலட்சம் ஜூலுக்கும் அதிகம். அதை நிறுத்தும்போது இந்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். டிரம் பிரேக் சூடேறும்போது டிரம் விரிவடைந்து உள்ளிருக்கும் பிரேக் கட்டைகளிலிருந்து விலகுகிறது. வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை. டிஸ்க் பிரேக்கில் தகடு காற்றோட்டத்தில் இருப்பதால் விரைவில் குளிர்கிறது. மேலும், 1966க்கு முந்தைய அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான் இருந்தது. ஓரிடத்தில் கசிந்தால் எல்லா பிரேக்குகளும் செயலிழக்கும். எனவே டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்று முதன்மை உருளை, இருக்கைப் பட்டை ஆகியவற்றைப் பொருத்துவதைப் பழமையை விரும்புவோரும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றனர்.

எஞ்சின் மாற்றம் அத்தகையதன்று. பழைய 430 கன அங்குல எஞ்சினை நீக்கி, கார்புரேட்டருக்கு மாறாக மின்னணு எரிபொருள் உட்செலுத்தலுடன் கூடிய இக்கால வி-8 எஞ்சினையும், கூடுதல் கியர்கள் கொண்ட தானியங்கி கியர்ப்பெட்டியையும் சிலர் பொருத்துகின்றனர். வண்டி எளிதில் கிளம்பும், எரிபொருளும் மிச்சமாகும். ஆனால் இவ்வண்டியில் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. முன்கண்ணாடி வைப்பர், மின்னோடியால் அன்றி, திசைமாற்றிக்கான எண்ணெய் எக்கியின் அழுத்தத்தால் இயங்குகிறது. கதவுப் பூட்டுகள் எஞ்சினிலிருந்து பெறப்படும் வெற்றிட விசையால் இயங்குகின்றன. எஞ்சினை மாற்றுபவர் இவற்றுக்கும் மாற்று வழி செய்ய வேண்டும். அதனைச் செய்யாமல் விட்டாலோ அரைகுறையாகச் செய்தாலோ, மழையில் வைப்பர் ஓடாத வண்டியே மிஞ்சும்.

காற்றுப்பைத் தொங்கல் அமைப்பு, பெரிய விட்டமுள்ள சக்கரங்கள், புதிய ஒலி அமைப்பு ஆகியவையும் பரவலாகச் செய்யப்படுகின்றன. குளிர்சாதனத்தில் முன்பு பயன்பட்ட ஆர்-12 வாயு ஓசோன் படலத்துக்குக் கேடு விளைவிப்பதால், அதன் உற்பத்தி அமெரிக்காவில் 1995 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. ஆகவே குளிர்சாதனத்தை மாற்றியமைப்பது பல வண்டிகளில் விருப்பத்தைவிடத் தேவையால் நிகழ்ந்தது.

எவ்வளவு மாற்றலாம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஓட்டப்படாமல் கொட்டகையில் துருப்பிடிப்பதைவிட, மாற்றியமைக்கப்பட்டுச் சாலையில் ஓடுவது மேல் என்பது ஒரு சாராரின் கருத்து. ஏறத்தாழ 21,300 வண்டிகள் மட்டுமே உருவாக்கப்பட்ட நிலையில், நல்ல நிலையிலுள்ள ஒன்றை வெட்டுவது திரும்பப் பெற முடியாத இழப்பு என்பது மறு சாராரின் கருத்து. 1966இல் நிறுவப்பட்ட பழம்பெரும் ஊர்திகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, தனது தூரின் சாசனத்தில், தலையீடு குறைவாக இருக்க வேண்டும், செய்த மாற்றங்கள் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என வலியுறுத்துகிறது. திருகாணியால் பொருத்திய மாற்றத்தைக் கழற்றிவிடலாம்; வெட்டிப் பற்றவைத்ததைத் திருப்புவது அரிது. நீக்கிய எஞ்சினையும் உறுப்புகளையும் வண்டியுடன் சேர்த்துப் பாதுகாப்பதும் இக்காரணத்தாலேயே பயனுடையதாகிறது.

விற்பனையும் சரிபார்ப்பும்

விற்பனை அறிவிப்புகளில் வரும் ‘மீட்டமைக்கப்பட்டது’ என்னும் சொல்லுக்கு எல்லாரும் ஏற்ற ஒரே பொருள் இல்லை. முழுவதும் பிரித்துச் சேர்த்த வண்டிக்கும், வண்ணம் மட்டும் பூசிய வண்டிக்கும் அச்சொல் ஒன்றுபோலவே பயன்படுத்தப்படுகிறது. எனவே வாங்குவோர் சொல்லை விடுத்து வண்டியையே சோதிப்பர். சோதனைகளுள் சில:

அடையாள எண்: 1961–1967 வண்டிகளில் முதல் இலக்கம் மாதிரி ஆண்டின் கடைசி எண்ணாகும். அடுத்துள்ள ‘ஒய்’ என்னும் ஆங்கில எழுத்து விக்சம் ஆலையைக் குறிக்கும். அதற்கடுத்த 86 என்னும் எண் நான்கு கதவுக் கன்வர்டிபிளையும், 82 என்பது நிலையான கூரை வண்டியையும் குறிக்கும். 82 என்றிருந்தும் கூரை மடியும் வண்டி, பின்னாளில் வெட்டப்பட்டதாக இருக்கலாம். அதில் ஆலை தந்த அடிப்பகுதி வலுவூட்டல் இராது.

கதவு இடைவெளி: முன்கதவும் பின்கதவும் சந்திக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால், அடிப்பகுதி துருவால் வலுவிழந்து வண்டி நடுவில் தொய்ந்திருக்கக்கூடும். ஜாக்கியால் ஒரு பக்கத்தைத் தூக்கும்போது இவ்வேறுபாடு மேலும் வெளிப்படும்.

துருவும் பட்டியும்: தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டி வடிவச் சட்டம், பின்பெட்டியின் அடித்தளம் ஆகியவற்றில் நீர் தங்கும். துருவைப் பட்டியால் மூடி வண்ணம் பூசியிருந்தால், அவ்விடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

கூரை: திறத்தல், மூடுதல் ஆகிய இரண்டையும் முழுமையாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்துகாட்டச் சொல்வது வழக்கம்.

ஆவணங்கள்: மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்கு ஒளிப்படங்கள், பற்றுச்சீட்டுகள், புதிய மின்கம்பி வரைபடம் ஆகியவை இன்றியமையாதவை. ஆலையின் பழுதுபார்ப்புக் கையேடு மாற்றப்பட்ட பகுதிகளுக்குப் பொருந்தாது. வரைபடம் இல்லாவிடில், அடுத்துப் பழுது பார்ப்பவர் ஒவ்வொரு கம்பியையும் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பயன்படுத்திய வண்டிகளை விற்கும் வணிகர்கள், உத்தரவாதம் உண்டா அல்லது ‘உள்ளபடியே’ விற்கப்படுகிறதா என்பதை வண்டியிலேயே அறிவித்து ஒட்ட வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. தனியார் ஒருவர் தமது சொந்த வண்டியை விற்கும்போது இவ்விதி பொருந்தாது. ஆகவே விற்பனைக்கு முன் பழைய லிங்கன் வண்டிகளை அறிந்த, இருதரப்பையும் சாராத ஒருவரைக் கொண்டு சோதிப்பது நடைமுறையில் உள்ளது.

திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும்

1964இல் வெளியான கோல்டுஃபிங்கர் திரைப்படத்தில் கான்டினென்டல் வண்டியொன்று நசுக்கப்பட்டு உலோகக் கட்டியாக்கப்படும் காட்சி புகழ்பெற்றது. 2004 முதல் 2011 வரை ஒளிபரப்பான என்டூராஜ் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் 1965 ஆம் ஆண்டின் கன்வர்டிபிள் இடம்பெற்றது.

பிற்காலம்

கன்வர்டிபிள் 1967 உடன் நின்றபோதிலும், நிலையான கூரை கொண்ட இதே தலைமுறை வண்டிகள் 1969 வரை விற்கப்பட்டன. கான்டினென்டல் பெயரின் 80 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பின்புறக் கீல் கொண்ட பின்கதவுகளுடன் 80 வண்டிகளை 2019 மாதிரி ஆண்டில் லிங்கன் வெளியிட்டது. ஆலையில் முடிந்த வண்டிகளை மாசச்சூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வண்டிக்கூடு நிறுவனம் 6 அங்குலம் நீட்டி இவற்றை உருவாக்கியது. இவற்றின் கூரை மடியாது. கான்டினென்டல் வண்டிகளின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது.